சாவி கொடுக்கிற கடிகாரம்

"அப்பா கையில கட்டினா இது ரெண்டே நாள்ல நின்னுடும்" என்றாள் மலர்க்கொடி. கண்ணாடி மேசைமேல் இருந்த கடிகாரத்தை அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

புகழேந்திக்குச் சுருக்கென்றது. மூன்று வருடம் கழித்து நெதர்லாந்திலிருந்து வருகிறான். திருச்சியில் விமானம் இறங்கி நேராகத் தஞ்சாவூரில் உள்ள இந்தக் கடைக்கு வந்திருந்தான். அப்பாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குக் கடிகாரமும் கையுமாகத் திருவையாற்று வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்று ஆசை.

கடைக்குத் தானும் வருவேன் என்று தங்கை ஏன் ஒற்றைக்காலில் நின்றாள் என்பது இப்போது புரிந்தது. கெடுப்பதற்குத்தான்.

"சுவிஸ் கடிகாரம் நின்னுடுமாம். நீங்களே சொல்லுங்கம்மா இவளுக்கு" என்றான், விற்பனைப் பெண் தஹ்மீனாவிடம்.

தஹ்மீனா இன்னொரு கடிகாரத்தையும் எடுத்து அதன் அருகே வைத்தாள். "ரெண்டுக்குமே பேட்டரி கிடையாது சார். இது ஆட்டோமேட்டிக். கை அசைய அசைய உள்ள ஸ்பிரிங் தானா முறுக்கேறிக்கும். கழட்டி வெச்சா ரெண்டு நாள் ஓடும், அப்புறம் நின்னுடும். அந்த இன்னொண்ணு சாவி குடுக்கிறது. தினமும் காலையில இந்தத் திருகைத் திருகி விடணும்."

"கேட்டியா? கழட்டி வெச்சாத்தான் நிக்குமாம்." புகழேந்தி தங்கையின் பக்கம் திரும்பினான். "அப்ப கழட்டி எடுத்துக்கறதுன்னே முடிவு பண்ணிட்டியா? யாருக்கு, உன் புருஷனுக்கா?"

மலர்க்கொடியின் முகம் கறுத்தது. "வார்த்தைய அளந்து பேசுண்ணே."

"வயலை அவர் பாத்துக்கறார்னு சொன்னீங்க, விட்டேன். இப்ப வாட்ச்லயும் கண்ணா?"

"அந்த வயல்ல ஒரு நாள் வந்து மடை திறந்திருப்பியா நீ? போன்ல பேசுறதோட சரி."

பக்கத்தில் கடிகாரப் பட்டை மாற்ற வந்திருந்தவர் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார். தஹ்மீனா தண்ணீர் பாட்டிலை இருவருக்கும் நடுவே வைத்தாள். யாரும் எடுக்கவில்லை.

"போன வாரம்கூட அப்பாகிட்ட பேசினேன். குரல் கணீர்னு இருக்கு" என்றான் புகழேந்தி. "ஆத்தங்கரையில கை வீசிக்கிட்டு நடக்கிற மனுஷன். அவருக்கு ஆட்டோமேட்டிக்தான் சரி."

"சாவி குடுக்கிறதை வாங்கு."

"தினமும் யாரு குடுக்கிறது?"

"நான் குடுக்கறேன்."

"அதானே. கடிகாரம் ஓடறதுக்குக்கூட அவர் உன்னைத்தான் எதிர்பாத்துக் கிடக்கணும். அப்பத்தான் உனக்கு நிம்மதி." அவன் கார்டை எடுத்து நீட்டினான். "ஆட்டோமேட்டிக்கையே பேக் பண்ணுங்கம்மா."

தஹ்மீனா பெட்டியை எடுப்பதற்குள் மலர்க்கொடி கடிகாரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"கைய எடு."

"வேண்டாம்ணே. ஆசையா கட்டிவிடுவ. ரெண்டு நாள் கழிச்சு நின்னு போயிருக்கறதப் பாத்தா அவர் மனசு ஒடிஞ்சிடும்."

"நிக்கும், நிக்கும், நிக்கும். வேற வார்த்தையே வராதா?" அவன் குரல் கடை முழுக்கக் கேட்டது. "கடிகாரம் நிக்கணுமா, இல்ல அவரே நின்னு போகணும்னு காத்திருக்கியா?"

மலர்க்கொடி கடிகாரத்தின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். தஹ்மீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

மலர்க்கொடி குரலைத் தாழ்த்தினாள். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கியிருக்கார். சொன்னா நீ வேலையப் போட்டுட்டு ஓடி வந்துடுவியாம். வாசல்ல வந்து நீ அதிர்ந்து நிக்கறத அவர் பாக்கக் கூடாதேன்னுதான் கடைக்கே வந்தேன்."

"என்னத்தச் சொல்லக் கூடாதுன்னார்?"

"போன ஆடியிலயே அப்பாவுக்கு இடது கையும் காலும் விழுந்துடுச்சுண்ணே."