அம்மா கேட்ட மெடல்

“எழுபது வயசுக்கு மேல உனக்கு எதுக்கும்மா மெடல்?”

காரை நிறுத்தியபடி மகன் கேட்டான். இதே கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்பான் என்று அவனுக்கே தெரியாது.

“எனக்குச் சேர வேண்டியது. கேக்கறேன்.”

அம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கி, ராணுவ ஆவண அலுவலகத்தை நோக்கி நடந்தாள்.

அம்மா பட்டாளத்தில் நர்ஸாக இருந்தவள். வீட்டில் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். யூனிபாரம் போட்ட பழைய போட்டோ ஒன்றைக்கூடச் சுவரில் மாட்ட விட்டதில்லை.

அப்படிப்பட்டவளுக்குப் போன வருஷம் திடீரென்று ஞானோதயம். சண்டை நடந்தபோது ஆம்புலன்ஸில் போர்முனைக்கே போய், அடிபட்டவர்களை மீட்டு வந்தாளாம். அதற்கு உண்டான பதக்கம் தன் ரெக்கார்டில் ஏறாமல் விட்டுப்போய்விட்டதாம்.

அன்று பிடித்தது சனி. மனு, பதில், மறுபடி மனு. பழைய ஆட்களைத் தேடி ஊர் ஊராக அலைச்சல். மூட்டுவலி, பிரஷர் எதுவும் கண்ணில் படவில்லை.

“நகை மேலகூட ஆசைப்படாத அத்தையா இது!” என்று மருமகள் சிரித்தாள்.

தெருவில் ‘மெடலம்மா’ என்று பேரே வைத்துவிட்டார்கள். மகனுக்குத்தான் தலைகாட்ட முடியவில்லை.

விசாரணை அறையில் ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“அம்மா, அன்னிக்கு உங்களுக்கு வார்டு டியூட்டின்னுதான் இதுல இருக்கு.”

“வார்டுலதான் இருந்தேன் மேடம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆளுங்க அடிபட்டுக் கிடக்கறதா வயர்லெஸ்ல சேதி வந்துச்சு. ‘உடனே கிளம்புங்க, எழுத்தெல்லாம் அப்புறம்’னு மேஜர் வாய்வார்த்தையாத்தான் சொன்னார். நாங்க திரும்பறதுக்குள்ள மேஜரோட ஆபீஸ் மேலயே குண்டு விழுந்துடுச்சு. எழுத வேண்டிய மேஜரே போயிட்டாரு.”

“பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?”

பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். அம்மா தேடிப் பிடித்து அழைத்து வந்திருந்த பழைய சிப்பாய்.

“நான் பார்த்தேன் மேடம். அந்த வண்டிக்குள்ள படுத்துக்கிட்டே பார்த்தேன்.”

அதிகாரி லேசாகச் சிரித்தார். சிப்பாய் சிரிக்கவில்லை.

“இந்தக் கால் இன்னிக்கு என்கூட இருக்குன்னா அது இந்த சிஸ்டர் போட்ட கட்டு. வண்டிக் கண்ணாடியெல்லாம் நொறுங்கிக் கொட்டுது. டிரைவர் குனிஞ்சுக்கிட்டே ஓட்டறார். இவங்க என் மேல கவுந்து படுத்துக்கிட்டாங்க. முதுகெல்லாம் கண்ணாடித் துண்டு.”

மகன் அம்மாவின் முதுகைப் பார்த்தான். அம்மாவைப் பற்றி இதெல்லாம் அடுத்தவர் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? பதக்கத்தை ரெக்கார்டுல ஏத்தச் சொல்லி இப்பவே உத்தரவு போட்டுடறேன்.”

மகனுக்கு அப்பாடா என்றிருந்தது. எழுந்தான். அம்மா எழவில்லை.

“மேடம், அதுல டிரைவர் பேரையும் போடுங்க.”

“உங்க பதக்கத்துக்கு அது தேவையில்லையேம்மா.”

“எனக்குத் தேவை. வண்டி என்ன, தானாவா போச்சு?”

மகன் குனிந்து அவள் காதோடு கடிந்துகொண்டான். “கொடுக்கறதை வாங்கிக்கிட்டு வாம்மா. கனிஞ்சு வர்ற நேரத்துல காரியத்தைக் கெடுக்காதே.”

அம்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை. டிரைவரின் பேரையும் பட்டாள நம்பரையும் தடுமாறாமல் சொன்னாள்.

அதிகாரி சிப்பாயைப் பார்த்தார். “ஓட்டினது அவர்தானா?”

“சத்தியமா அவர்தான் மேடம். எங்களை ஆஸ்பத்திரியில இறக்கிவிட்டுட்டு, மிச்சம் பேரைக் கூட்டிட்டு வரேன்னு தனியாவே திரும்பிப் போனார். அதுக்கப்புறம் பாலம் உடைஞ்சுடுச்சு. எந்தக் காட்டுல மாட்டிக்கிட்டாரோ, நான் பார்க்கவேயில்லை.”

அதிகாரி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அந்தப் பேரையும், அவர் செய்ததையும் சேர்த்துத் தட்டினார். பிரிண்டர் முனகிக்கொண்டே தாளைத் துப்பியது. கையெழுத்து, முத்திரை.

வராந்தாவுக்கு வந்ததும் அம்மா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஒரு வருஷமாக விறைத்துக்கொண்டிருந்த தோள் அப்போதுதான் தளர்ந்தது.

மகன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“தெரியாம என்னென்னவோ பேசிட்டேம்மா. சரி, மெடல் எப்போ கைக்கு வருமாம்?”

“அதைக் கேக்கலையேப்பா.”

“கேக்கலையா? அதுக்குத்தானே இந்த அலைச்சல் அலைஞ்சே?”

அம்மா போனை எடுத்தாள். எதிர்முனையில் குரல் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

“அண்ணே, உங்க மனுவைத் தொடவே மாட்டோம்னாங்கல்ல? என் மனுவுல உங்களை ஏத்தி உட்கார வெச்சுட்டேன்... நீங்க பட்டாளத்தை விட்டு ஓடிப்போனவர் இல்ல, வண்டியை ஓட்டிப்போனவர்னு இன்னிக்கு சர்க்காரே எழுத்துல கொடுத்துடுச்சு!”