மயிலின் கண்ணில் ஒரு குழி

பலகைக்கு நடந்தது சுத்த அநியாயம். மரத்தில் சுட்டுப் படம் வரையும் கருவிகள் இருந்த புதுப்பெட்டியிலிருந்து அன்றுதான் இறங்கிய சூட்டுக்கோல், பலகைமேல் பாதி வரைந்த மயிலின் கண்ணிலேயே அசையாமல் நின்று, குழி விழக் கருக்கிவிட்டது.

கேட்டால் முறைத்தது. "அடுத்து எந்தப் பக்கம் இழுக்கலாம்னு யோசிச்சேன். நீ இவ்வளவு மென்மையா இருந்தா நான் என்ன பண்ண?"

பஞ்சாயத்துக்கு வந்த உப்புத்தாள் பெருந்தன்மையாகச் சிரித்தது. "பாவம், புதுசு. நீதாம்மா அனுசரிச்சுப் போகணும். நான் தேய்ச்சா தடமே தெரியாது."

"மயிலும் சேர்ந்து போயிடுமே!"

"போனா போகுது. அவன் மனசு நோகக் கூடாது பாரு."

பலகை சூட்டுக்கோலிடமே திரும்பியது. "அண்ணே, உட்கார்ந்து யோசிக்கத்தான் பெட்டியிலே உங்களுக்கு இரும்பு ஸ்டாண்டு கொடுத்திருக்கு. என் முகம் எதுக்கு?"