பன்னிரண்டாவது விளக்கு

சாவிகள் ஒழிந்துபோன காலம். மறதி நோய் கண்ட மனைவி குமுதவல்லி தனியாக வெளியேறிவிடக் கூடாதென்று, தணிகாசலம் தானே செய்த நினைவு விளையாட்டை வாசல் பூட்டோடு இணைத்தார். வண்ண விளக்குகள் எரிந்த அதே வரிசையில் பொத்தான்களை அழுத்தினால்தான் கதவு திறக்கும். திறக்கும் ஒவ்வொரு முறையும் வரிசையில் ஒரு விளக்கு கூடும். பூட்டின் கணினி நிரலை மாற்றவும் அதே ஆட்டத்தில் ஜெயித்தாக வேண்டும். அவள் கை வைத்துவிடுவாளோ என்ற பயத்தில் அப்படி எழுதிவைத்தார்.

இன்று பதினோரு விளக்குகள். காலையிலிருந்து ஆறாவதைத் தாண்ட முடியவில்லை அவரால்.

குமுதவல்லி பையோடு வந்து, தாளம் போடுவதுபோலப் பதினொன்றையும் தட்டினாள். கதவு திறந்தது.

"இரு குமுதா, செருப்பு மாட்டிக்கிறேன்."

"நீங்க யாருங்க? எங்க வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் உள்ளயே உக்காருங்க."

வெளியேறிக் கதவைச் சாத்தினாள். பன்னிரண்டு விளக்குகள் எரியத் தொடங்கின.