பாதியில் பிடுங்கிய கதை

கோட்டைச்சாமி மகளின் கையிலிருந்த புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கினார்.

"என்ன இது?"

"கதைப்பா. லைப்ரரியில எடுத்தேன்," என்றாள் ரேணுகாதேவி. பிளஸ் ஒன் படிக்கிறாள்.

அட்டையில் 'பெரியவர் பகுதி' என்று முத்திரை. புரட்டிய பக்கத்தில் ஒருத்தி வீட்டுக்குத் தெரியாமல் காதலனோடு பஸ் ஏறிக்கொண்டிருந்தாள்.

"பாதிதாம்ப்பா படிச்சிருக்கேன். முடிச்சிட்டுத் தந்துர்றேன்."

"படிச்ச பாதியே போதும்."

திருச்சுழியில் இருந்த தன் உரக்கடைக்கு அதைக் கொண்டுபோனார். லைப்ரரியில் நாலு கேள்வி கேட்க வேண்டுமென்றால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டுமே? கடமைக்காகத்தான் முதல் பக்கத்தைப் பிரித்தார்.

பஸ் ஏறியவள் மதுரையில் இறங்குவதற்குள் மத்தியானமாகிவிட்டது. யூரியா கேட்ட வீரசோழன் ஊர்க்காரருக்குப் பொட்டாஷைத் தூக்கிக் கொடுத்தார்.

மறுநாள் புத்தகத்தைப் பேப்பருக்குள் வைத்துப் படித்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பிடும்போது மடியில் வைத்தும் படித்தார்.

ஓடிப்போனவளை அவள் அப்பன் ஆள் விட்டுத் தேடினான். கோட்டைச்சாமிக்கு ஆத்திரமாக வந்தது.

"கூறுகெட்ட பய. பெத்த பிள்ளைகிட்ட உக்காந்து ரெண்டு வார்த்தை பேசுனா என்னவாம்?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். கடைக்கு வந்தவர்கள் அவரையே பார்த்தார்கள்.

அன்றைக்குத்தான் உள்ளே ஒட்டியிருந்த தவணைத் தேதி கண்ணில் பட்டது. தேதி தாண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் பக்கங்கள் மீதி. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் லைப்ரரிக்குப் போனார். போன வேகத்தில் புத்தகத்தை மேஜையில் வைத்தார்.

"ஏம்மா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக கையில குடுக்கிற புத்தகமா இது?"

நூலகரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"முடிச்சிட்டீகளா சார்?"

"யாரு, நானா? நான் எதுக்கும்மா இதையெல்லாம் படிக்கப்போறேன்?"

நூலகரம்மாவின் பார்வை, புத்தகத்துக்குள் அடையாளத்துக்குச் செருகியிருந்த பஸ் டிக்கெட்டில் நின்றது. கோட்டைச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தேதி முடிஞ்சிருச்சு. எடுத்துக்கங்க," என்றார், கையை அதன் மேலிருந்து எடுக்காமலே.

"வச்சிருங்க சார். உங்க மக நேத்தே வந்து தேதியை நீட்டிக்கிட்டுப் போயிட்டா."

"அவளா? எதுக்கு?"

"'எங்க அப்பா படிச்சிக்கிட்டிருக்காக. பாதியில பிடுங்கிராதீக, மனசு கெடந்து அடிச்சிக்கும்'னு சொன்னா சார்."