காரணம் எழுதும் பெட்டி

விமானம் கிளம்பும் முன்பே சங்கரபாண்டியனை இறக்கிவிட்டார்கள். பக்கத்து வெள்ளைக்கார அம்மாள் அவரை ஒருமுறை பார்த்தாள், பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் காதோடு ஏதோ சொன்னாள், அவ்வளவுதான். மகளின் பட்டமளிப்பு விழாவுக்கென்று தைத்த புதுக் கோட்டோடு விமான நிலைய அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தர்ஷிகா யாழ்ப்பாணத்துப் பெண். அவரிடம் ஒரு தாளை நீட்டினாள்.

"இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ ஐயா. அடுத்த பிளேன்ல சீட் போட்டுத் தாறன்."

தாளின் முதல் வரியே, 'நிறத்தின் காரணமாக நான் இறக்கப்படவில்லை' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது.

"நிறத்தைப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலையேம்மா?"

"எல்லாரும் பிறகு சொல்லீனம் ஐயா. அதுதான் முதலே அடிச்சு வைச்சிருக்கினம்."

"அப்ப வேற எதுக்கு என்னை இறக்குனாங்க?"

அவள் கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இதிலை ஒண்டும் போடேல்லை. கீழை காரணம் எண்டு ஒரு பெட்டி இருக்கு, நீங்களே ஏதாவது எழுதுங்கோ. வெறுமையா விட்டா கம்ப்யூட்டர் எடுக்காது."

சங்கரபாண்டியன் யோசித்தார். குடிக்கவில்லை, சத்தம் போடவில்லை, பெல்ட்டைக்கூட முதல் ஆளாக மாட்டியிருந்தார். பொய் எழுதவும் மனம் வரவில்லை. பேனாவைத் திறந்து முத்து முத்தாக எழுதினார்: 'என் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.'

தர்ஷிகா அதை இரண்டு தரம் படித்தாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே கணினியில் தட்டினாள்.

"எடுத்திட்டுது ஐயா," என்றாள்.