விடோ வரி

"போம்மா! அழுதுகினு இங்க நிக்காத. காசு குடுக்கறவன் எழுதிக் குடுத்ததுதான் அச்சாவும்."

பிரஸ் முதலாளி ராஜமாணிக்கம் போட்ட சத்தத்தில் வாசலில் நின்றிருந்த சின்னப்பொண்ணு ஆடிப்போய்விட்டாள்.

"கருமாதி நோட்டீசுல எம் பேரு இல்லன்னா நான் பொண்டாட்டி இல்ல, வப்பாட்டின்னு ஆயிடும்ணே. அதுக்கப்பறம் நான் இன்னாத்துக்கு இருக்கணும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கெளம்பு, கெளம்பு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவள் புருஷன் சடையப்பனுக்கு இன்னும் கருமாதிகூட ஆகவில்லை. கும்மிடிப்பூண்டிக்குப் புதுசாக வந்த ஃபவுண்டரியில் சங்கிலி அறுந்து, உருக்கிய இரும்பு அவன் மேல் கொட்டிவிட்டது. வீட்டுக்கு வந்தது ஒரு மூட்டைதான்.

உள்ளே தாள் மடித்துக்கொண்டிருந்த கங்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீயெல்லாம் மனுசனாண்ணே? அவ இன்னா சொத்தா கேட்டா? பேரு. ஒரே ஒரு பேரு."

"வேலையைப் பாரு கங்கம்மா."

சின்னப்பொண்ணு பழவேற்காட்டு மீன்காரப் பெண். சடையப்பன் பெரியபாளையத்தம்மன் கோயிலில் வைத்து அவளுக்குத் தாலி கட்டினான். நஞ்சை வைத்திருக்கிற அவன் குடும்பம் அவளை வாசப்படி ஏற்றவே இல்லை. இப்போது செத்தவன் பெண்டாட்டிக்கு வேலை தருவதாக ஃபவுண்டரி மேனேஜர் சொல்ல, அண்ணன்காரன் செங்கல்வராயன் சாதித்துவிட்டான், "தம்பிக்குக் கல்யாணமே ஆகலைங்க" என்று. அவன் மகனுக்கு அந்த வேலை வேண்டுமாம். மேனேஜர் கருமாதிக்கே நேரில் வருகிறார். ஃபவுண்டரி கேட்டிலும் செங்கல்வராயன் அடிக்கக் கொடுத்த இந்த நோட்டீஸைத்தான் ஒட்டப் போகிறார்கள்.

வெயில் ஏறியதும் செங்கல்வராயன் வந்து சேர்ந்தான்.

"ஆச்சாய்யா?"

"ப்ரூஃப் பாருங்க."

"அது இன்னா?"

"மொத்தமா அடிக்கறதுக்கு முன்னால ஒத்தைத் தாள்ல அடிச்சுக் காட்டறது. தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்பறம் பேஜாரு."

படித்தான். சுற்றிக் கறுப்பு பார்டர், நடுவில் தம்பி பேர், அடியில் 'இங்ஙனம், மூத்த சகோதரர்', அதற்கும் கீழே அவன் பேர்.

"ஷோக்கா கீது. அடிச்சுடு."

ராஜமாணிக்கம் தலையைச் சொறிந்தார்.

"அடிக்கலாம். ஆனா கடைசில ஒரு விடோ வுழுந்துகீது."

"இன்னாது?"

"மேல் வரியில எடம் பத்தாம ஒரு வார்த்தை மட்டும் தனியா கீழ வந்து நின்னா, எங்க தொழில்ல அதுக்கு விடோன்னு பேரு. இங்கிலீஷ்ல விதவைன்னு அர்த்தம்."

செங்கல்வராயன் மறுபடி பார்த்தான். தனியாக நின்றது அவன் பேர்தான்.

"சாவு நோட்டீசுல வுழுந்தா ஆவாதும்பாங்க. அந்தப் பேருக்காரன் ஊட்டுலயே அடுத்த..."

"யோவ், வாயைக் கழுவு!"

"நான் சொல்லலீங்க. தொழில்ல சொல்றாங்க."

"எழுத்தைச் சின்னதாக்கி மேல ஏத்தேன்."

"அப்ப பாயிண்ட்டைக் கொறைக்கணும். பாயிண்ட்னா எழுத்தோட சைசு. கொறைச்சா உங்க பேரு எறும்பு மாதிரி கெடக்கும். பரவால்லியா?"

"அய்ய, வேணாம். பக்கத்துல இன்னொரு பேரைச் சேத்துடு. எம் பையன் பேரைப் போடு."

"போட்டுடலாம். வளர்ற புள்ள பேரு, விடோ வரியில..."

செங்கல்வராயன் ப்ரூஃபைக் கீழே வைத்தான்.

"அப்ப எங்க ஊட்டுக்காரி பேரு?"

"விதவை வரியிலயா? நீங்க குத்துக்கல்லாட்டம் இருக்க சொல்லோவா?"

"அட, யார் பேரைத்தான்யா போடறது?"

"ஏற்கெனவே புருசனைப் பறிகுடுத்தவ யாருன்னா குடும்பத்துல இருந்தா, தோஷம் அவளோட போயிடும்."

செங்கல்வராயன் துண்டால் கழுத்தைத் துடைத்தான். கங்கம்மா மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஒருத்தி கீறா. பழவேற்காட்டுக்காரி."

"யாரு அது?"

"தம்பி பொண்டாட்டி."

"பேரு?"

"சின்னப்பொண்ணு."

"வெறும் பேரைப் போட்டா தோஷம் யாரைச் சேரும்னு தெரியாதே. உறவு இன்னான்னு போடட்டும்?"

"வேலை போனாப் போவுது, மனைவின்னு போட்டுத் தொலைய்யா!"

அவன் தெருமுனை தாண்டும்வரை ராஜமாணிக்கம் வாசலில் நின்று பார்த்தார். அப்புறம் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் போய் நின்று 'மனைவி'யைக் கோக்க ஆரம்பித்தார்.

கங்கம்மாவுக்கு ஆறவில்லை. "அதுக்குக் காத்தால அந்தப் பொண்ணை அப்படியா வெரட்டுவ?"

"அவ இங்க வந்தது தெரிஞ்சிருந்தா, அவன் நோட்டீசைத் தூக்கிகினு திருவள்ளூர்ல வேற பிரஸ்ஸுக்குப் போயிருப்பான். நீ போறப்ப அவ ஊட்டுப் பக்கமா போ. சாப்புட்டாளான்னு பாரு. ராத்திரிக்கு அவ கூடவே இரு."

முதல் நோட்டீஸ் மை ஈரத்தோடு வந்தது. கங்கம்மா வாங்கிப் பார்த்தாள். சின்னப்பொண்ணு பேர் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், எப்போதும் போல ஓரமாக, பிரஸ்ஸின் பேரும் இருந்தது. அதை அவள் விரலால் காட்டினாள்.

"அண்ணே, நம்ம பிரஸ் பேரு தனியா நிக்குதே! அதுவும் விடோதானே?"

"கடை தொறந்த நாள்லருந்து அப்படித்தான் நிக்குது. அதுக்கு ஒண்ணும் ஆவல, கங்கம்மா. பேரு வரலன்னா அந்தப் பொண்ணுக்குத்தான் ஏதாவது ஆயிருக்கும்."