ஒன்று போனால் மூன்று

புது குக்கர் வெள்ளிக்கிழமை கடைகளுக்குப் போக வேண்டும். திங்கள் காலை கொள்முதல் மேலாளருக்கு அவருடைய மைத்துனன் போன் செய்தான்.

"மாமா, மெஷின் படுத்துடுச்சு. மூடி ரப்பர் இந்த வாரம் வராது."

சொந்தக்காரனுக்கு ஆர்டர் கொடுத்தது அவர்தான். அவசரமாக வேறு மூன்று கம்பெனிகளைப் பிடித்தார். மூவருமே, "வியாழக்கிழமை உங்க கையில இருக்கும் சார்" என்றார்கள்.

முதலாளியிடம் நிமிர்ந்து சொன்னார்: "ஒண்ணு போனா மூணு இருக்கு சார். தைரியமா தேதியை அறிவிங்க."

மதியமே டிவியில் விளம்பரம் ஓடத் தொடங்கியது.

மாலையில் மைத்துனன் மறுபடி அழைத்தான்.

"மெஷின் சரியாயிடுச்சா?"

"எங்க மாமா? என்கிட்ட வாங்கி விக்கிற மூணு கம்பெனிக்காரங்களும், இதே ரப்பர் வியாழக்கிழமைக்குள்ள வேணும்னு உயிரை எடுக்கறாங்க. யாருக்கு மாமா இவ்வளவு அவசரம்?"